அப்பா போனும் அம்மா போனும் ரோபோவுக்குப் போகுது

அம்மா, அப்பா,

உங்க ரெண்டு பேர் போனையும் ஹட்டன்ல நடக்கிற ஸ்கூல் ரோபோ போட்டிக்கு எடுத்துட்டுப் போறேன். நம்ம கோழி தொலைஞ்சதில இருந்து ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு வாட்ஸ்அப்பிலதான் சண்டை பிடிக்கிறீங்க. இன்னைக்கு வாயால பிடிங்க.

அப்பா போன் ரோபோ மேல ஏறும், அம்மா போன் என் கையில இருக்கும். அம்மா போன் சொல்ற பக்கமெல்லாம் அப்பா போன் ரோபோவைத் திருப்பும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. அப்பா, கோவிச்சுக்காதீங்க, டீச்சர்தான் அப்படி செட் பண்ணச் சொன்னாங்க.

ரொட்டி அடுப்புக்கிட்ட மூடியிருக்கு. தொட்டுக்கத் தேங்காய்ச் சம்பல் இருக்கிற இடத்தை நேத்து அம்மாகிட்ட மட்டும் சொன்னேன், வீட்டுச் சாவி இருக்கிற இடத்தை அப்பாகிட்ட மட்டும்.

நிரோஷி

பி.கு.: அப்பா போன்ல அம்மாவுக்கு "சாப்பிட்டியா"ன்னு எழுதினது அனுப்பாமலே கிடக்குது. நான் அனுப்பல. அப்பா, நீங்களே கேட்டுருங்க.