படகை விற்கவில்லை கண்ணு

வாழவந்தி,
ஞாயிறு, கோயில் முடிந்து வந்து.

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் சுகம், மாடும் கன்றும் சுகம், படகும் சுகம். கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். படகு என்றதும் உன் முகம் சுருங்குவது இங்கிருந்தே தெரிகிறது. அதனால்தான் போனை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், கடிதத்தில் வாயே திறக்க முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் அந்த வீடியோ. ஜூன் மாதம் மேட்டூர் அணைக்குள் நம் படகு சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்ததையும், உன் அப்பா பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்ததையும் என் தம்பி மேக்ஸ்வெல் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டான். கொளத்தூரில் அவன் வீட்டுக்குப் பின்னால் அணைத் தண்ணீர் நிற்பதால் தான் பெரிய மாலுமி என்று அவனுக்கு நினைப்பு. நடந்தது இதுதான். நம் பாய்மரப் படகுக்கு அடிவயிறு தட்டை, நடுவில் ஒரு நீளத் துவாரம், அதற்குள் ஒரு பலகை. ஆழத்தில் கயிற்றைத் தளர்த்திப் பலகையை இறக்கினால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாது, ஆழம் குறைந்தால் அதைத் தூக்கிவிட்டு முழங்கால் தண்ணீரில்கூடப் போகலாம். கரையில் விடும்போது தூக்கித்தான் வைக்க வேண்டும். ஆனால் நாம் மலைக்காரர்கள், வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்காமல் நகர மாட்டோமே. எஸ்டேட் லாரி ஓட்டியே தலை நரைத்த மனிதர், படகு நழுவிவிடக் கூடாதென்று பலகையை இறக்கி மண்ணில் ஊன்றிவிட்டார். ‘கல்லு வெச்சாச்சு ஜெயா, இனி அசையாது’ என்று பெருமை வேறு. நானும் ‘நொம்ப சரிங்க’ என்றுதான் சொன்னேன். மலைக்குத் திரும்பி வந்துவிட்டோம். அணையைத் திறந்திருக்கிறார்கள், தண்ணீர் இறங்கி, படகு மொத்தப் பாரத்தோடு பலகை மேல் உட்கார்ந்துவிட்டது, அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பலகை இரண்டாகப் பிளந்து, துவாரம் முழுக்கச் சரளைக் கல். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நாங்கள் சிரித்தோம், நீ அழுதாய்.

அழுததோடு விட்டாயா, இந்த வயதில் என்ன விளையாட்டு, விற்றுத் தொலையுங்கள் என்று அப்பாவைத் திட்டினாய், நீயும் மாமனும் பேசிவைத்து வாங்க ஒரு ஆளையும் அனுப்பிவிட்டீர்கள். யாரோ ரிசார்ட்காரர். வாசலில் வைத்து உள்ளே மண்ணைக் கொட்டிப் பூச்செடி நடப் போகிறாராம். அவர் வந்தபோது அப்பா, பழுது பார்க்க மலைக்கு ஏற்றி வந்திருந்த படகைக் காபிக்கொட்டை காயப்போடும் களத்தில் கவிழ்த்துப் போட்டு உப்புக்காகிதம் தேய்த்துக்கொண்டிருந்தார். ‘புள்ள சொல்லிருச்சுங்களா, அப்ப எடுத்துக்குங்க’ என்று காகிதத்தைக் கீழே வைத்தார், கையைக் கழுவினார், உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த உட்காரல் எனக்குத் தெரியும் கண்ணு. வலது கண் மங்கி, கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த பைக்கை மயிரிழையில் தவறவிட்டு, அன்றே லாரிச் சாவியைத் தானாகக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். எஸ்டேட் கைமாறி, பழைய முதலாளி குடோனில் போட்டு வைத்திருந்த இந்தப் படகை விறகுக்கு வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றுதான் எழுந்து சட்டையை மாட்டினார், போய்க் கேட்டு வாங்கி வந்தார். போனில் உன்னிடம் இதையெல்லாம் அவர் காட்டுவாரா?

வெளியே வந்தேன். ‘ஏனுங்க, அப்பனும் புள்ளையும் ஆயிரம் பேசிக்குவாங்க, படகு என்னுதுங்க, நான் குடுக்கறதா இல்லீங்க’ என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், காபி குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே எங்கள் வேலையை! போன வருஷம் காற்றில் விழுந்த நம் பலா மரத்தில் புதுப் பலகை அறுத்தோம். மழைக்கு நம் சமையலறைக் கதவு உப்பிப் பிடித்துக்கொள்ளுமே, அதுபோல இதுவும் தண்ணீரில் ஊறித் துவாரத்துக்குள் பிடித்துக்கொள்ளும் என்று நான்தான் சொல்லி, இன்னும் கொஞ்சம் இழைக்க வைத்தேன். வார்னிஷ் அடித்தால் இந்த மூடுபனியில் காயவே மாட்டேன் என்கிறது, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டோம், நான்கு நாள் தோசை எல்லாம் வார்னிஷ் வாசம். நேற்று படகை வெள்ளக்கடை செபாஸ்டின் பிக்கப் வண்டியில் ஏற்றி, பாய்மரத்து நுனியில் என் சிவப்பு ஜாக்கெட் துணியைக் கட்டி, வளைவு வளைவாக இறங்கினோம். எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்கிறார்கள், நானும் கல்யாணப் பெண் மாதிரி முன் சீட்டில் உட்கார்ந்து கையாட்டினேன்.

அணை நிறையத் தண்ணீர், நல்ல காற்று. சுக்கான் அப்பா கையில், பலகைக் கயிறு என் கையில், மூங்கிலை விட்டு ஆழம் பார்ப்பதும் நானே. கரையோரம் மாடு நின்று தண்ணீர் குடிக்கிற இடம் வந்ததும் ‘தூக்கறனுங்க’ என்று கத்திக்கொண்டே இழுத்தேன், உரசாமல் மாட்டுக்குப் பக்கத்திலேயே வழுக்கிக்கொண்டு போனோம் பிரிஸ்கி, மாடு திரும்பிப் பார்த்தது! நடுத் தண்ணீருக்கு வந்து பலகையை இறக்கினதும் படகு நேராக ஓடியது. அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, ‘எதுத்தாப்புல ஒரு வண்டிகூட வரலே, பாத்தியா புள்ளே’ என்று வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டு பேரும் மிதவைச் சட்டை போடாமல் ஏறுவதில்லை, மேக்ஸ்வெல் கரையில் நிற்காமல் போவதில்லை, வானம் கறுத்தால் இறங்குவதில்லை. இனி பலகையைத் தூக்கிவிட்டு, மரத்தில் கட்டிவிட்டுத்தான் வருவோம். நீ குளிரில் தலை ஈரத்தோடு வெளியே போகாதே, மாமியாருக்கு வாரம் ஒரு தடவையாவது போன் போடு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது சாக்லேட் வேண்டாம், நனைந்தாலும் மக்காத நல்ல கயிறாக வாங்கி வா.

கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து, கூட இருந்து நடத்துவாராக. ஒன்று மறந்துவிடாதே, நேற்று வீடு வந்து சேரும் வரை அப்பா என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார், புள்ளைக்கு இன்னும் கோபம் இருக்குமா என்று. இல்லை என்று சொல்லிவிட்டேன். கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் போடாதே, அவருக்குப் போடு, படகு எப்படி ஓடியது என்று கேள்.

உன் அம்மா,
ஜெயகுமாரி மனுவேல்