இரண்டு தோசைதான்

ஜூன் 9, திங்கள்

மகள் கலையரசிக்கு ஏப்ரலில் தைத்த சுடிதாரை டெய்லர் விருத்தாம்பாளிடம் கொண்டுபோனேன். டாப் தொளதொளவென்று தொங்குகிறது, பேண்ட் தொடையில் ஏறவில்லை. "இன்னாடி தேவகி, மேல புடிக்கச் சொல்ற, கீழ பிரிக்கச் சொல்ற. ரெண்டு பேருக்குத் தெச்சாப்ல கீது" என்றாள். சிரித்தேன். உள்ளே எரிந்தது. இளைக்கட்டுமென்று மூன்று மாதமாக இரவில் இவளுக்கு இரண்டு தோசைதான். பிறகு எப்படிச் சதை ஏறுகிறது? பதினைந்து வயதில் திருட்டுத் தீனியா?

ஜூன் 14

பள்ளிப் பையைச் சோதித்தேன். ஒன்றுமில்லை. "யார் வூட்ல துன்னுகினு வர்ற?" என்று தொடையில் ஓர் அடி வைத்தேன். லேசாகத்தான். அலறிவிட்டாள்.

ஜூன் 15

அடித்த இடம் கன்றி நீலமாகிவிட்டது. இவள் அப்பா என்னோடு பேசவில்லை. நான் மெதுவாகத்தானே அடித்தேன்? நான் வேலை பார்க்கும் கடையில் பட்டுச்சேலைக் கட்டு இடித்தால் என் காலும் இப்படித்தான் கன்றும். சேலைக்குள் யாருக்குத் தெரியும்.

ஜூலை 5, சனி

வலி நிற்கவில்லை. யானைக்காலோ என்ற பயத்தில் வேலூர் போனோம். டாக்டரம்மா அவள் பாதத்தை அழுத்திப் பார்த்தார். கணுக்கால்வரைதான் தடிப்பு, பாதம் மெலிவாகவே இருக்கிறது. "யானைக்கால் இல்லம்மா. இதுக்குப் பேரு லிப்பிடீமா. கால்ல கொழுப்பு வேற மாதிரி சேரும். தொட்டா வலிக்கும், லேசா பட்டாலே கன்னிடும். பட்டினி போட்டா மேல்உடம்புதான் எளைக்கும். சாப்பிட்டு வந்தது இல்ல இது."

பிறகு என்னைப் பார்த்தார். "நெறைய பேருக்குக் குடும்பத்துல இருக்கும். உங்க காலக் காட்டுங்க."

யாருக்கும் காட்டாத கால். முழங்கால்வரை சேலையைத் தூக்கினேன். என் கால், பக்கத்தில் அவள் கால். ஒரே அச்சு.

"உனக்கும் வலிக்குமாம்மா?" என்றாள் கலையரசி.

ஐயோ, நான் குடுத்ததுக்கு நானே அட்ச்சிட்டனே.

ஜூலை 12

முழுதாகக் குணமாகாதாம். இறுக்கமான காலுறை, தினமும் நடை – வலி மட்டுப்படும். இருவருக்கும் காலுறை வந்துவிட்டது. காலையில் ஒருவருக்கொருவர் இழுத்து மாட்டிவிட அரை மணி ஆகிறது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 20

கேட்டுவிட்டேன். "வுடும்மா" என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2, சனி

இரவு இரண்டு தோசை ஆனதும் வழக்கம்போல் கை கழுவ எழுந்தாள். மூன்றாவதைத் தட்டில் வைத்தேன். உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிட்டாள்.