தலை தனி, உடம்பு தனி

செவ்வாய்க்கிழமை தொடங்கியது

என் செல்ல மகள் வாண்டுக்கு அப்பா எழுதுவது. சொல்லி எழுத வைத்தது இல்லை. என் கையாலேயே எழுதுவது.

இதுவரை உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர் எழுதியவை. நான் பத்து வரி சொன்னால் அவர் மூன்று வரி எழுதுவார். "மத்ததெல்லாம் அவளுக்கே புரியும் பெரியவரே" என்பார். இனிமேல் அந்தக் கவலை இல்லை. மாலை வகுப்பில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்லக் கூடாது என்று உன் அம்மாவின் வாயைக் கட்டி வைத்திருந்தேன். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதை விட அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பெரிய ஆபீஸ்ல வேலை பாக்குறவளை இன்னும் வாண்டுன்னு எழுதுறீங்களே, யாராவது பிரிச்சுப் படிச்சா அவ மானம் என்னாவறது" என்று இப்போதுகூட உன் அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்கிறாள். எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன். அடித்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதினால் டீச்சர் நட்சத்திரம் போடுவார்.

வீட்டில் எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது இருக்கிறது, என்னைத் திட்டும்போது இருப்பதில்லை. குளியலறைக் கதவு இப்போது சரியாகச் சாத்திக்கொள்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அன்றைக்கு வெள்ளிக்கிழமை போனில் அம்மாவிடம் சொன்னாய் அல்லவா, அலமாரியில் இருக்கும் பொம்மைத் தலையை ஒருவருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டேன், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பொம்மை சேகரிக்கிற அம்மா ஒருத்தர் வருவார், பெட்டியோடு கொடுத்துவிடுங்கள், வெறும் தலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று. வாண்டு, நான் கொடுக்கவில்லை. கோபப்பட்டால் படு, ஆனால் கடைசி வரை படித்துவிட்டுப் படு. எழுத ரொம்ப நேரம் ஆயிற்று.

புதன்கிழமை

ஐந்து வருடத்துக்கு முந்தின கதையை முதலில் எழுத வேண்டும். இதை மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி எழுத வைக்க எனக்கு வாய் வரவில்லை.

முதல் பார்சல் வந்த அன்று நீ பஞ்சைப் பிரித்து அந்தத் தலையை எடுத்துக் காட்டினாய். உள்ளங்கை அளவு, ரெசினில் வார்த்தது, மொட்டைத் தலை, கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "யாராவது தலையை மட்டும் காசு குடுத்து வாங்குவாங்களா?" என்று கேட்டேன். இந்தக் கடையில் முகம்தான் நன்றாக இருக்கிறது, உடம்பு இன்னொரு இடத்தில் செய்வதுதான் நன்றாக இருக்கிறது, அது பின்னால் வரும் என்று நீ சொன்னாய். எனக்கு அது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து நீ வேலைக்குப் போயிருந்தபோது கூரியர்காரர் வந்தார். என்ன பார்சல் என்றேன். பொம்மை என்றார். பொம்மை அப்போதே வந்துவிட்டதே, ஒன்றுக்கு இரண்டாக அனுப்பி என் பெண்ணிடம் இரண்டு தடவை பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். வேண்டாம், திருப்பி எடுத்துக்கொண்டு போ என்றேன். ராத்திரி சாப்பிடும்போது உன்னைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் நானே அதைச் சொன்னேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாய். பிறகு "பரவால்லப்பா" என்றாய். அந்த உடம்பை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். செய்த இடத்தில் அந்த அச்சையே நிறுத்திவிட்டார்கள். இவ்வளவும் உனக்குத் தெரியும்.

தெரியாதது இது. அந்தக் கூரியர்காரர் நல்ல மனிதர். "மேல என்னமோ பெருசா எழுதியிருக்கு பெரியவரே, படிச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரிய வேண்டாமே என்று, "அதெல்லாம் நான் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். உடம்பு என்றுதான் எழுதியிருந்திருக்கும். படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். தெரியாமல் செய்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரிந்துகொள்ள மாட்டேன் என்று செய்தேன் வாண்டு.

இன்றைக்கு இது போதும். கை வலிக்கிறது.

வியாழக்கிழமை

நீ போன் செய்த மறுநாள் அலமாரியைத் திறந்தேன். தலைப் பெட்டிக்கு அடியில் உன் நீல நோட்டு இருந்தது. வகுப்புக்கு வெளியே நான் முழுசாகப் படித்த முதல் புத்தகம் அதுதான். நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் "முழுசாக வாங்கினால்" என்றும் மறுபக்கம் "தனித்தனியாக வாங்கினால்" என்றும் எழுதியிருந்தாய். முழுசாக வாங்கினால் நிறம் ஒத்துப்போகும், கழுத்து பொருந்தும், விலை குறைவு, ஒரே பார்சலில் வரும். தனித்தனியாக வாங்கினால் நிறம் சந்தேகம், கழுத்து சந்தேகம், செலவு அதிகம், காத்திருக்க வேண்டும். இப்படியே இடது பக்கத்தில் எட்டு நல்லது எழுதிவிட்டு, வலது பக்கத்தில் கடைசியாக ஒரே ஒரு நல்லது எழுதியிருந்தாய். "நான் நினைத்த மாதிரியே இருக்கும்." அதற்குக் கீழே சின்னதாக, "அப்பா பார்த்தால் சிரிப்பார்."

நான் சிரிக்கவில்லை. அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். கழுத்துச் சுற்றளவு எட்டரை சென்டிமீட்டர். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தத் தலைக்கு உடம்பு தேடுவது என்று முடிவு செய்தேன். "அவளே வேணாம்னுட்டா, இவரு தலையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு" என்றாள் உன் அம்மா. ஆனாலும் டிபன் பாக்ஸை அவள்தான் கழுவித் துடைத்துப் பஞ்சு வைத்துத் தந்தாள்.

போன வாரம் திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண் "அய்யய்யோ" என்று எழுந்துவிட்டாள். "பயப்படாதம்மா, தலை மட்டும்தான்" என்றேன். அதன் பிறகு அவள் உட்காரவே இல்லை.

பெரிய கடைத்தெருவில் பொம்மைக் கடைக்காரர் டிபன் பாக்ஸைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "ஐயா, முழு செட்டா எடுத்துட்டுப் போங்க. தலை, கை, கால் எல்லாம் ஒரே கலர். எதுக்கு இந்த வம்பு?" என்றார். ஒரு முழு பொம்மையை எடுத்து நிறுத்தினார். குறை சொல்ல ஒன்றுமில்லை, அழகாக நின்றது. ஆனால் அது வேறு யாரோ. இந்தத் தலையின் முகத்தில், ஏதோ சொல்ல வந்து நிறுத்திய மாதிரி ஓர் உதடு இருக்கிறது. அது அதற்கு இல்லை.

சரி என்று அதே அளவில் ஒரு புது உடம்பைக் காட்டினார். வெள்ளை என்று போட்டிருந்தது, தலைப் பெட்டியிலும் வெள்ளை. "ரெண்டும் வெள்ளைதானே?" என்றார். நாற்பது வருடம் சுவருக்கு வர்ணம் அடித்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். உடம்பில் நீலம் ஓடுகிறது, தலையில் மஞ்சள் ஏறியிருக்கிறது. "தம்பி, ஒரே நம்பர் பெயிண்ட் டப்பா ரெண்டு வாங்கினாக்கூட நாங்க ஒண்ணாக் கலக்காம சுவத்துல வைக்க மாட்டோம். இது அஞ்சு வருஷம் பழுத்த வெள்ளை. இதுக்கு அஞ்சு வருஷம் பழுத்த உடம்புதான் வேணும்" என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். கடை மூலையில், பொம்மை வைத்திருப்பவர்கள் சீட்டு எழுதிக் குத்திவைக்கிற பலகையைக் காட்டினார். "படிச்சுச் சொல்லட்டுமா ஐயா?" என்று அவரும் கேட்டார். "வேணாம் தம்பி, படிக்க வரும். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்" என்றேன்.

முப்பத்தொரு சீட்டு. பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். செருமட்டும். இருபத்தாறாவது சீட்டில் இருந்தது: உடம்பு மட்டும், வெள்ளை, ஐந்து வருடமாகப் பெட்டியில், கழுத்து எட்டே முக்கால்.

வெள்ளிக்கிழமை

அந்தச் சீட்டு ஒரு பல் செட் செய்கிறவருடையது. போன வாரம் செவ்வாய்க்கிழமை அவருடைய வேலை அறைக்குப் போனேன். மேஜை முழுக்க யார் யாருடைய பற்களோ சிரித்துக்கொண்டிருந்தன. அவர் கதை உன் கதைக்குத் தலைகீழ். முழு பொம்மையாக வாங்கினாராம். அதன் தலை மட்டும் பிடித்துப்போய் வேறு உடம்பில் மாட்டிவிட்டாராம். மிச்சம் பெட்டியில் கிடந்தது. "முழுசா வாங்குனா நிம்மதின்னாங்க. வாங்கிட்டுப் பிரிச்சேன். என் சம்சாரம் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறா" என்றார்.

உடம்பை ஜன்னலுக்குக் கொண்டுபோனோம். தலையை அதன் மேல் பிடித்தேன். வாண்டு, எங்கே தலை முடிகிறது, எங்கே கழுத்து தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு விற்க மனசு இருக்கிறதா இல்லையா என்று பிடிபடவில்லை. அப்போதுதான் மேஜையில் இருந்த பற்களைப் பார்த்தேன். எல்லாமே ஒரு இழை மஞ்சள் குறைந்து இருந்தன. கேட்டேன். ஆமாம், பாதிப் பல்லை நிறம் சரியில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்புகிறார், காரணம் புரியவில்லை என்றார். காரணம் நாலு பக்கமும் நிற்கிறதே! சுவர் எல்லாம் மஞ்சள். சுவரின் மஞ்சள் பல்லில் விழுகிறது, அவர் அதைப் பல்லின் மஞ்சள் என்று நினைத்துக் குறைத்துவிடுகிறார். மங்கின சாம்பல் நிறம் அடிக்க வேண்டும் என்றேன். "யாரு அடிப்பா?" என்றார். "உடம்பைக் குடுங்க, நான் அடிக்கிறேன்" என்றேன்.

புதன், வியாழன் இரண்டு நாள் ஏணி ஏறினேன். உன் அம்மா என்னோடு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, பிடித்துக்கொண்டே திட்டினாள். வெள்ளிக்கிழமை கழுத்து வேலை. அது கால் சென்டிமீட்டர் பெரிது. தலையின் மேல் கை வைக்கக் கூடாது என்று உன் நோட்டில் இருந்தது, அதனால் உடம்பின் கழுத்தைத் தண்ணீருக்குள் வைத்து நைசான உப்புத்தாளால் தேய்த்தேன். பத்து தேய்ப்புக்கு ஒரு தடவை அளவு பார்த்தேன். அதிகமாகப் போனால் திரும்ப வராது. மூன்று மணி நேரம் ஆயிற்று. சனிக்கிழமை பல்காரர் நீளக் கொக்கி போட்டு உள்ளே ஓடுகிற எலாஸ்டிக் கயிற்றை இழுத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். டக் என்று உட்கார்ந்தது. மேஜை மேல் விட்டோம். அது நின்றது! பிடிக்காமல், சாயாமல், தானே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினோம். பக்கத்து அறையிலிருந்து அவர் சம்சாரம் வந்து, "ரெண்டு பேருக்கும் என்ன வயசாகுது?" என்று கேட்டார்.

சனிக்கிழமை, முடிக்கிறேன்

போன ஞாயிற்றுக்கிழமை பொம்மை சேகரிக்கிற அந்த அம்மா வந்தார். தலைக்குத்தான் வந்தார். மேஜை மேல் பொம்மை முழுசாக நிற்பதைப் பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். இருபது வருடமாகச் சேகரிக்கிறவராம். கடைசியில், "இது முழு செட்டா வாங்கினதுதானே?" என்று கேட்டார். வாண்டு, என் வாழ்க்கையில் எத்தனையோ சுவர் அடித்திருக்கிறேன். இப்படி ஒரு பாராட்டு எனக்கு யாரும் தந்ததில்லை.

முழுசாகவே எடுத்துக்கொள்கிறேன், என்ன கேட்டாலும் தருகிறேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, "அது குடுக்கறதுக்கு இல்லம்மா, எங்க பொண்ணோடது" என்றாள். ஒன்பது நாள் என்னைக் கேலி செய்தவள்! அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. மனசு மாறினால் சொல்லுங்கள் என்று நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. உனக்கு அது இன்னும் வேண்டுமா என்று கேட்காமலே இதையெல்லாம் செய்துவிட்டேன். அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறேன். என் மனசு வருத்தப்படாது. கொஞ்சம் படும், அதை நீ கணக்கில் எடுக்காதே.

வேண்டும் என்றால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதற்கு இன்னும் கண் வைக்கவில்லை. கண் தனியாகத்தான் விற்கிறார்கள், பதினாலு நிறம் இருக்கிறது. பட்டியலை முழுக்கப் படித்துவிட்டேன். நீ எந்தக் கண்ணை நினைத்திருந்தாய் என்று நோட்டில் எங்கேயும் எழுதவில்லை. போனில் சொன்னால் தப்பாகிவிடும். நிறத்தை நேரில், ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். இது தொழில் தெரிந்தவன் சொல்கிறேன். இங்கே உன் அறை ஜன்னலுக்குக் காலை ஒன்பது மணிக்கு நல்ல வெளிச்சம் வருகிறது.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். லீவு கேட்டால் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார் கண்ணு.

தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கும்,
உன் அப்பா