இடது பக்கத்து ஸ்பிரிங்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அத்தையும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன வாரம் நீ போனில் கூப்பிட்டபோது நான் கிசுகிசுவென்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டேன், யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று பயந்து நீ மறுபடி மறுபடி கூப்பிட்டாய். யாருக்கும் ஒன்றும் இல்லை கண்ணு. வீட்டில் பதினோரு நாள் யாரும் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவாக இருந்தது. காரணம் நம் காரின் முன்பக்கத்து ஸ்பிரிங். இதைப் போனில் சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கார் ஓட்டப் பழகுவது உனக்குத் தெரியும். கண் டாக்டர் அப்பாவை இனிமேல் ஓட்டவே கூடாது என்று சொன்ன நாளிலிருந்து அவர் தெருமுனையைத் தாண்டவில்லை. சாயங்காலம் ஆனால் நிறுத்தி வைத்த காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்துவிட்டு இறங்கிக் கதவைப் பூட்டிவிட்டு வருவார். எங்கே போனீங்க என்று கேட்டால் "சும்மா" என்பார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வயதில் நான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். முதல் தேர்வில் பின்னால் எடுக்கும்போது தகர டிரம்மை இடித்துவிட்டேன். இரண்டாவது தேர்வில் அதிகாரி காரில் ஏறவே இல்லை. முன்பக்கம் அவ்வளவு இறங்கிப் போயிருந்தது. சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, குனிஞ்சு எதையோ தேடிட்டு நிக்குது, தேடி முடிச்சதும் கூட்டிட்டு வாங்க" என்றார். மூன்றாவது தேர்வுக்கு வியாழக்கிழமை நாள் கொடுத்தார்கள். அதையும் விட்டால் பழகுநர் உரிமம் காலாவதி, திரும்பவும் முதலிலிருந்து மனுப் போட எனக்குத் தைரியம் வராது என்று எனக்கே தெரியும். அந்த ஆபீசில் நாலு பேருக்கு முன்னால் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

முன்பக்கத்து இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும், தானே மாற்றுவதாக அப்பா கிளம்பினார். எடைக் கருவிகளைச் சோதிக்கும் ஆபீசராக முப்பத்தோரு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசு ஸ்பிரிங்குகளைப் பார்த்தவர் அல்லவா, கார் ஸ்பிரிங் அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்ற நினைப்பு. கண் தெரியாதே என்றதற்கு "ஸ்பிரிங்கை எதுக்குப் பாக்கணும், தொட்டாலே பேசும்" என்றார். வலது பக்கம் உண்மையிலேயே அரை மணியில் கழன்றுவிட்டது. அதுதான் வினை. அந்த மிதப்பில் இடது பக்கம் போனார். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு கிளாம்பையும் மாட்டி, பாதி உயரத்துக்கு நெருக்கிவிட்டார். அதற்கு மேல் அசையவில்லை. ஸ்பிரிங்கைக் கீழிருந்து தாங்கும் இரும்புக் கை இருக்கிறதே, அது இறங்கினால்தான் ஸ்பிரிங் வெளியே வரும், அதன் மூட்டு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே தூக்கிவிடும் என்று எங்கோ படித்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. உடனே ஒரு சங்கிலியைப் போட்டு ஸ்பிரிங்கைக் காரோடு கட்டினார். அதுவரை சரி. பிறகு உள்ளே போய், ஓய்வு பெற்ற நாளில் ஆபீஸ் நண்பர்கள் ஞாபகமாகக் கொடுத்த தராசுக்கு முத்திரை குத்தும் குறடு ஒன்றை எடுத்து வந்து, இரண்டு கிளாம்புக்கும் இரும்புக் கைக்குமாகக் கம்பி ஓட்டி, ஈய வில்லை வைத்து நசுக்கி, முத்திரை குத்திவிட்டார்! யாரும் கைவைத்துவிடக் கூடாதாம்.

அன்றிலிருந்து வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. கதவைச் சாத்தக் கூடாது, மிக்ஸி போடக் கூடாது, தும்மல் வந்தால் கொல்லைப்பக்கம் ஓட வேண்டும். அத்தை, கார் நிற்கும் இடத்தை ஒட்டிய முன்னறையைக் கடந்து குளியலறைக்குப் போக மாப்பிள்ளை விட்டுப் போன ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்வாள். இரண்டு நாளில் அதைக் கழற்றுவதே இல்லை என்று ஆகிவிட்டது. "உங்க அண்ணன் கட்டுனதுதானே, இவ்வளவு பயமா" என்றால், "அவன் கட்டுனதுங்கறதாலதான் பயம்" என்கிறாள். தபால்காரர்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வந்து கொடுத்துவிட்டுப் போனார், எதற்கென்று கேட்கவே இல்லை.

நான் முனைக்கடை மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தவர், "சார், இது என்ன ஈயம்?" என்றார். "யாரும் கை வைக்கக் கூடாதுன்னுதான்" என்றார் அப்பா. "கை வெக்காம எப்படி சார் கழட்டறது, கண்ணாலயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து மண்ணைத் தட்டினார். நீங்களே வெட்டிவிடுங்களேன் என்றேன் அப்பாவிடம். அப்பாவின் முகம் மாறிவிட்டது. வைத்த முத்திரையைத் தானே நினைத்தபோது வெட்டினது சர்வீஸிலேயே கிடையாதாம். உரிமையாளர் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், பரிசீலிக்க வேண்டும். கார் என் பெயரில் இருக்கிறது. ஆகவே உரிமையாளர் நான்தான். சரி என்று ஒரு தாளில் எழுதிச் சாப்பாட்டு மேஜையில் அவரிடம் கொடுத்தேன். வாங்கித் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்றார். என்னைப் போய் வாங்க என்கிறார்! முப்பது வருஷத்தில் முதல் மரியாதை. மறுநாள் கேட்டால், காரணம் என்ற இடத்தில் ஓட்டுநர் தேர்வு என்று எழுதியது போதாது என்று திருப்பிவிட்டார். இரண்டாவது மனுவில் முத்திரையின் படம் இணைக்கவில்லை என்று திருப்பினார். அத்தை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "கட்டுன பொண்டாட்டிக்கே இந்தக் கதின்னா, பாவம், அந்தக் கடைக்காரங்க என்ன பாடு பட்டிருப்பாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது கண்ணு, ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று புரிந்தது. ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருக்கும் வரை கார் ஓடாததற்கு ஸ்பிரிங்தான் காரணம். அவர் கண் காரணம் இல்லை. அது கழன்ற மறுநாள் நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இதை வாயால் சொன்னால் மனிதர் எழுந்து போய்விடுவார். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் மூன்றாவது மனுவில் படத்தையும் வரைந்து, காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: எனக்கு ஓட்டத்தான் வரும், வழி தெரியாது, இந்த ஊரின் எல்லாக் கடைத்தெருவும் தெரிந்த ஆபீசர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தான் ஆக வேண்டும், அப்படிப்பட்டவர் ஒருவர் இந்த வீட்டில் இருக்கிறார். தாளை மூக்கு வரை கொண்டுபோய் ரொம்ப நேரம் படித்தார். பிறகு "படம் சரியில்ல, இருந்தாலும் பரவால்ல" என்று சொல்லி அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குறட்டைத் தேடப் போனார்.

அவர் முத்திரையை வெட்டினதும் மெக்கானிக் வந்து மூட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் நாலு போடு போட்டார், விட்டுக்கொடுத்தது. ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினார். நாங்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடிப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். இரும்புக் கை முழுக்க இறங்கியும் ஸ்பிரிங் வரவில்லை. மேலே ரப்பர் வளையத்தோடு ஒட்டிக்கொண்டு, எழுந்து போக மனசில்லாத விருந்தாளி மாதிரி அப்படியே தொங்கியது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அத்தைக்கு வெயில் தாங்கவில்லை, காருக்குள் கிடந்த தன் குடையை எடுக்கிறேன் என்று நாங்கள் தடுப்பதற்குள் போய் எடுத்துக்கொண்டு காரின் கதவைப் படீரென்று அறைந்து சாத்தினாள். டொப் என்று ஒரு சத்தம். குடம் கீழே வைத்தால் கேட்குமே, அவ்வளவுதான். ஸ்பிரிங் சங்கிலியில் சாய்ந்து சாதுவாகப் படுத்துக்கொண்டது. பதினோரு நாள் கிசுகிசுத்ததற்கு இதுவா என்று அப்பாவுக்கு ஏமாற்றம், பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஹெல்மெட்டைக் கழற்றி முதல் வேலையாகச் சத்தமாக ஒரு பாட்டுப் பாடினாள். அதற்கு மெக்கானிக், ஸ்பிரிங்கே தேவலாம் என்றார்.

புது ஸ்பிரிங் இரண்டும் புதன்கிழமை மாட்டியாயிற்று, வியாழக்கிழமை தேர்வும் முடிந்தது. அதே அதிகாரிதான். "தேடினது கிடைச்சிருச்சா" என்று காரைக் கேட்டுவிட்டு ஏறினார். பின்னால் எடுத்தேன், டிரம் நின்ற இடத்தில் நின்றது. நான் பாஸ் கண்ணு. திரும்பி வரும்போது அப்பா பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு, இடது, வலது, முன்னால லாரி நிக்குது மெதுவா, என்று எனக்கே நன்றாகத் தெரியும் வழியை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஒன்றும் தெரியாத மாதிரி அப்படியே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். வாசலில் நிறுத்தினேன், அவர் இறங்கவில்லை. இறங்கலையா என்றேன். முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "இன்னொரு சுத்து போயிட்டு வரலாமே" என்றார். நாங்கள் சுற்றிவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது அத்தை மதியச் சாப்பாட்டில் தன் பங்கைச் சாப்பிட்டுக் கையும் கழுவியிருந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிர் என்று ஜன்னலை எந்நேரமும் அடைத்து வைக்காதே, மாப்பிள்ளையையும் கொஞ்சம் சமைக்க விடு. உன் காரை வருஷத்துக்கு ஒரு தரமாவது தெரிந்தவரிடம் காட்டு, தெரிந்த மாதிரி பேசுகிறவரிடம் வேண்டாம். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் நிறைவாக வாழ எங்கள் மூவரின் ஆசிகள். எப்போது வருகிறாய் என்பதை ஒரு வாரம் முன்னதாகவே சொல், வாடகைக் கார் எதுவும் பிடிக்காதே, நாங்களே வருகிறோம்.

உன் பிரியமுள்ள,
அம்மா