புதுப் போனுக்கு வைத்த பொட்டு

ஜனவரி 6, செவ்வாய்

ஸ்ரீரங்கத்தில் இருந்து குடிவந்த இந்தப் புதுவீட்டுக்குள் செல்போன் சிக்னல் வராது. அதனால்தான் இத்தனை நாள் தப்பித்தேன். இன்று மாலை பிராட்பேண்டோடு வீட்டு போனும் வந்துவிட்டது. அம்மா அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தாள்.

"முதல் போன் பாப்பாவோட மிஸ்ஸுக்குத்தான். கணக்குல எண்பத்திரண்டுன்னு அவங்க வாயாலயே கேக்கணும்" என்றார் அப்பா.

"செவ்வாய்க்கிழமை வேணாங்க, காலையில பேசுங்க" என்றாள் அம்மா.

வீட்டில் எண்பத்திரண்டு என்று சொல்லிவைத்திருக்கிறேன். நான் வாங்கியது இருபத்தெட்டு. ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சற்றுமுன் சத்தமில்லாமல் போய் போன் ஒயரைப் பிடுங்கினேன். கட்டைவிரலில் குங்குமம் ஒட்டிக்கொண்டது. சோப்பு போட்டும் போகவில்லை. போனில் பாதிப் பொட்டுதான் இருக்கிறது. காலையில் முதலில் எழுந்திருப்பது அம்மாதான்.