திருமண் அழியாத மாஸ்க்

ஸ்ரீ

திருப்பதி,
சார்வரி வருஷம், ஐப்பசி முதல் வாரம்.

சிரஞ்சீவி நீரஜாவுக்கு அம்மா ஸத்யபாமாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளை அச்சுத்துக்கும் சொல். பெருமாள் கிருபையில் அப்பாவும் நானும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்குப் பிரார்த்தனை என்று ஒரு வரி எழுதிவிட்டு விஷயத்துக்குப் போவது வழக்கம். இந்த வருஷம் அந்த வரியிலேயே பேனா நின்றுவிடுகிறது. லெஸ்டரில் மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் நீ. இருமுகிறவர்கள் முதலில் வந்து நிற்கிற இடம் அது.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். நம் கூடத்தில் அப்பா காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியுமா? நீ என்னைக் கூப்பிடும்போதெல்லாம், அப்பா மாஸ்க் போட்டுக்கொள்கிறாரா என்று கேட்கிறாய். நான் 'ம்' என்கிறேன். நீ நம்பவில்லை என்று மறுபடி மறுபடி கேட்பதிலேயே தெரிகிறது. எதிராத்துக் கோவர்த்தனன் இங்கிலாந்து திரும்புகிறான். ஊறுகாய் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் மாமி, பெட்டியெல்லாம் எண்ணெய் ஆகிறது என்று முதலிலேயே கும்பிட்டுவிட்டான். ஊறுகாய் இல்லையடா, துணி என்று சொல்லி இந்தப் பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறேன்.

பங்குனியில் எல்லாம் மூடினார்களே, அப்போதே நீ வீடியோ அனுப்பி, பருத்தித் துணியில் மூன்று மடிப்பு வைத்துத் தைக்கச் சொன்னாய். தையல் மிஷின் தூசி தட்டி உட்கார்ந்தேன். முதலில் போனது உன் பச்சைப் பாவாடை. எந்தத் துணி எத்தனை மாஸ்க் ஆயிற்று, யாருக்குப் போயிற்று என்று வழக்கம்போல எழுதி வைத்திருக்கிறேன். ஊருக்கு வந்தால் பாவாடையைக் காணோம் என்று சண்டை போடாதே.

அதில் தைத்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு முதல் நாள் பால் வாங்கப் போனேன். தெருவில் எனக்கு எதிரே வந்தவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவாத்துல யாருக்கோ வந்துடுத்து போலிருக்கு என்று பேச்சாம். போடாதவர்களைப் பார்த்து யாருக்கும் பயமில்லை, போட்டவளைப் பார்த்துத்தான் பயம். பூக்கார வரலட்சுமி, மூஞ்சி மூடினா பூ எவரு கொண்டாரு, யாரும்மா வாங்குவா, சிரிச்சாத்தான வாங்குவாங்க என்றாள். தேங்காய்க்கடை வீராசாமி மாஸ்க்கைத் தராசுக் கொக்கியில் மாட்டி வைத்திருப்பார். போலீஸ் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டால் எடுத்துப் போடுவார், போனதும் கொக்கிக்கே திரும்பிவிடும்.

அப்பாவும் ஆரம்பத்தில் போட்டுக்கொண்டார் என்பது உனக்குத் தெரியாது. சித்திரையில் இரண்டு மூன்று நாள் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தார். ஒரு நாள் திரும்பி வந்தவர் வாசலில் மாஸ்க்கைக் கழற்றினார். பக்கத்தாத்து வெங்கடரமணன் மாமா தம் வாசலிலிருந்து பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். ஓய் சம்பத், பாதத்தைக் காணோமே! எங்க பக்கம் வந்துட்டீரா? சொல்லியிருந்தா பூர்ணகும்பத்தோட எதிர்கொண்டு அழைச்சிருப்பேனே என்றார்.

நம் தென்கலைத் திருமண்ணுக்கு மூக்குத்தண்டின் மேல் பாதம் உண்டு, வடகலைக்காரரான மாமாவுக்குப் பாதம் கிடையாது. மாஸ்க்கின் மேல் விளிம்பு உராய்ந்து உராய்ந்து அப்பாவின் பாதம் சுத்தமாக அழிந்துபோயிருந்தது. மீதி இருந்தது அசல் மாமாவின் நெற்றிதான். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். நானும் கோலப்பொடிக் கிண்ணத்தோடு சிரித்தேன். அதற்கப்புறம் அவர் மாஸ்க்கைத் தொடவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஆனி மாதம் நீ ஃபோனில் கேட்டபோது, பெருமாள் பாத்துப்பார் என்று உன்னிடம் சொன்னார். அப்போ சக்கரைக்கு ஏன்ப்பா மாத்திரை போட்டுக்கறேள், அதையும் அவர் பாத்துக்கட்டுமே என்றாய் நீ. அவர் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாஸ்க் போடற வரைக்கும் அப்பாகிட்ட பேசமாட்டேன்னு சொல்லிடு என்று என்னிடம் சொல்லிவிட்டு நீ வைத்தாய். அதோடு நின்றது. நீ பயத்தில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன், ஆடி போய் ஆவணி போய் ஐப்பசியும் வந்துவிட்டது.

ஆடியில் வீராசாமியை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மூச்சு விட முடியாமல் அவர் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தெருவே பார்த்தது. அன்று மத்தியானம் அப்பா கண்ணாடி முன்னால் நிற்பதை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். மாஸ்க்கைப் போட்டார், கழற்றினார், பாதத்தைப் பார்த்தார். அழிந்திருந்தது. திருமண்ணைக் குழைத்து மறுபடி இட்டார். மறுபடி போட்டுக் கழற்றினார். மறுபடி அழிந்தது. நாலாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்குச் சொன்ன காரணம் வேறு, உள்ளே இருந்த காரணம் வேறு. பெருமாள் திருவடி நிற்கிற பீடம் அது என்பார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதில்லாமல் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் நின்றதில்லை. அது அழிகிறதே என்று வாய்விட்டுச் சொன்னால் நீ சிரிப்பாய் என்று பயந்திருக்கிறார். சிரித்திருப்பாய்தானே?

சரி, மூக்கை மாற்ற முடியாது, திருமண்ணை மாற்றச் சொல்ல முடியாது, மாஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும். மறுநாள் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, பாதத்தின் நுனியிலிருந்து மூக்கு நுனி வரை அளந்தேன். கண்ணைத் திறந்துவிட்டார். என்னடி பாமா இது, மூக்குக்கு ரவிக்கை தைக்கப்போறியா என்றார். ஆமாம், ஆடாமல் இருங்கோ என்றேன். ஆடாமல் இருந்தார்.

பழைய பேப்பரில் வெட்டிப் பார்த்தேன். மேல் விளிம்பை நடுவில் பள்ளமாக வெட்டினால் பாதத்தைத் தொடாமல் கீழே உட்காரும். ஆனால் பிடிப்பு இல்லாமல் பேச்சுக்குப் பேச்சு வழுக்கி மூக்குக்குக் கீழே வந்தது. மூக்கு தெரிந்தால் மாஸ்க் எதற்கு? வரலட்சுமியிடம் மாலை கட்டுகிற மெல்லிய கம்பி கேட்டு வாங்கி, பள்ளத்தின் ஓரத்தில் மடித்துத் தைத்தேன். அழுத்திவிட்டால் மூக்கோடு படிந்து நின்றது. முகம் மூடுறதுக்கு எங்கிட்டயே கம்பியா என்று கேட்டவளுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தேன். கண்ணுல சிரி, அது போதும் என்றேன்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். ஆவணியில் நம் தெருச் சன்னிதியில், தள்ளித் தள்ளி நின்று நாலைந்து பேர் மட்டும் சேவிக்கலாம், மாஸ்க் கட்டாயம் என்று சொல்லியனுப்பினார்கள். அன்று காலை அதைப் போட்டுக்கொண்டு போனார். முடித்து வந்து வாசலிலேயே கழற்றினார். பாதம் இட்டபடி இருந்தது. வெங்கடரமணன் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து எட்ட நின்று பார்த்தார். ஓய், உம்ம மாஸ்க்குக்கும் தென்கலையா என்றார். அதற்கு அப்பா, ஆமாம் ஓய், உமக்கு வேணும்னா பாமாகிட்ட விண்ணப்பம் போடும் என்றார். மறுநாள் மாமி வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பள்ளம் இல்லாமல் வெட்டிக் கொடுத்தேன். இப்போது தெருவில் இரண்டு சம்பிரதாயத்துக்கும் தைக்கிறேன்.

போட்டால் மட்டும் போதாது, அதைத் தொட்டுத் தொட்டு இழுக்கிறார்கள் என்று நீ சொல்வாயே, அதற்கும் வழி கிடைத்தது. கிருமி என்று சொன்னால் யாருக்கும் கண்ணில் படவில்லை. அது எச்சில் துணி, தொட்டால் கை அலம்பணும், வேறே கொடியில் உலர்த்தணும் என்று மாமிகளிடம் சொன்னேன். அன்றோடு தாடையில் தொங்கவிடுகிறது நின்றது. எச்சில் கையோடு எவள் சமையலறைக்குள் போவாள்?

வீராசாமி பிழைத்து வந்துவிட்டார். பாதியாக இளைத்திருக்கிறார், குரல் மட்டும் இளைக்கவில்லை. முகம் மூடாமல் கடைக்குப் போனால், மாஸ்க் லேதா? டெங்காய லேது, தேங்காய் கிடையாது, போ என்று துரத்துகிறார். கொக்கியில் தேங்காய்தான் தொங்குகிறது.

அப்பாவுக்கு ஒரே குறை. பாசுரம் வாய்க்குள்ளேயே சுத்தறதுடி என்கிறார். வெளியில் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லையாம். அப்புறம் அவரே, பெருமாளுக்குக் கேட்டாப் போறும் என்று சொல்லிக்கொள்கிறார். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆனி மாதத்திலிருந்து சர்க்கரை மாத்திரையை நான் நினைவுபடுத்துவதில்லை. நேரத்துக்குத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். உன் பேச்சைத்தான் தண்ணீரோடு சேர்த்து விழுங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் கோவர்த்தனன் கிளம்புகிற பேச்சு வந்தது. அப்பா உள்ளே போய், தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன ஒரு வேஷ்டியைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார். அவளுக்கும் தை, இது உறுத்தாது என்றார். எவளுக்கு என்று வேண்டுமென்றே கேட்டேன். மூக்கு உன்னோடது மாதிரி சின்னது, என் அளவுல வெட்டிடாதே என்றார். பெயரைச் சொல்லவில்லை. நான் வெட்டும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடையில் உங்களுக்கு வேறு மாஸ்க் கொடுப்பார்கள், இதைப் போட விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் போட்டுக்கொள்.

சனிக்கிழமை, உனக்கு லீவு, இங்கே சாயங்காலம் விளக்கேற்றியபின் கூப்பிடு. என் நம்பருக்கு இல்லை, கூடத்து ஃபோனுக்கு. அந்த நேரம் நான் கொல்லையில் மாஸ்க் தோய்த்துக்கொண்டிருப்பேன். மணி அடித்தால், கை ஈரம், நீங்கள் எடுங்கோ என்று குரல் கொடுப்பேன். எவ்வளவு நேரம் அடித்தாலும் நான் வரமாட்டேன். நீயும் வைத்துவிடாதே. எடுத்தபின் வேறொன்றும் பேச வராவிட்டால், பாதம் அழியாமல் இருக்கிறதா அப்பா என்று மட்டும் கேள். மீதியை அவர் சொல்வார்.

பெருமாள் உங்கள் இருவரையும் மூச்சுக்கு மூச்சு காக்கட்டும்.

உன் அம்மா,
ஸத்யபாமா