கிரில் பட்டை மாட்டியாகிவிட்டது

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். இப்படித் தொடங்கலாமா என்று தயங்கிக்கொண்டேதான் தொடங்குகிறேன். உன் பெயரை மட்டும் எழுதிப் பார்த்தேன். ஏதோ அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடுவதுபோல் இருந்தது. வேறு விதமாக உன்னை அழைத்து எழுதப் பழக்கமில்லை. பிழையென்றால் பொறுத்துக்கொள்.

நானும் உன் அத்தையும் சுகம். மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்குகிறேன். போன வாரம் டாக்டர் சோதித்துவிட்டு, "உங்க இதயம் சமர்த்தா இருக்கு. நீங்கதான் அதை நம்ப மாட்டேங்கிறீங்க" என்றார். உன் பக்கம் குளிர் எப்படி? புது வேலையில் ஒழுங்காகச் சாப்பிட நேரம் விடுகிறார்களா? அத்தை கேட்கச் சொன்னாள். தான் கேட்டதாக எழுதக் கூடாது என்றும் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அவசரமாகக் கிளம்பியபோது இங்கே விட்டுப்போன உன் காரை லாரியில் ஏற்றி அனுப்புவதாக நீயும் என் மகனும் பேசி முடித்துவிட்டீர்கள் என்று அறிந்தேன். விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. உங்களுக்குள் பேசி முடிக்க மிச்சமிருந்தது கார் ஒன்றுதான் போலிருக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. காரின் முன்பக்கத்தைச் சரிசெய்ய மட்டும் அவனிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டேன்.

"டேப் ஒட்டியிருக்கே, அதுவா? எங்கயோ இடிச்சிருக்காப்பா. அவளே பாத்துக்குவா" என்றான். நான் பதில் சொல்லவில்லை. கேட்டவுடன் எனக்குப் பதில் வராது என்பது உனக்குத் தெரியும்.

எங்கே இடித்தது என்பது எனக்குத் தெரியாதா? அன்று குளியலறை வாசலில் நான் சரிந்து உட்கார்ந்தபோது வீட்டில் நீ மட்டும்தான். ஆம்புலன்ஸ் ஏதோ நெரிசலில் மாட்டிக்கொண்டது. நீ காத்திருக்கவில்லை. என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அந்தத் தாழ்ந்த இருக்கையில் போர்வையை மடித்து வைப்பதுபோல் வைத்தாய். இப்படித் தரையோடு தரையாகப் போகிறதே என்ற பயத்தில் அதுவரை நான் உன் காரில் ஏறியதே இல்லை.

வழியெல்லாம் என்னைக் கண் மூட விடாமல் பேச வைத்தாய். "மாமா, இதயத்துல எத்தனை வால்வு?" என்று கேட்டாய். நாலு என்றேன். "பேரு சொல்லுங்க" என்றாய். மூன்றுதான் வந்தது. "மார்க் போச்சு மாமா" என்று சிரித்தாய். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கையில்லை.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் ஒரு செங்குத்தான ஏற்றம். நம் தெரு வேகத்தடையையே கோணலாக ஏறி, ஆமையைப்போல் இறங்குகிறவள் நீ. அன்று நேராக ஏற்றினாய். அடியில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. என் எலும்போ என்றுகூட நினைத்தேன். சொந்தச் சம்பாத்தியத்தில் ஆசைப்பட்டு வாங்கிய கார். தூசி படிந்தாலே மனசு கேட்காது உனக்கு. அன்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான், முன்பக்கக் கிரில் வலையைச் சுற்றி ஓடும் கறுப்புப் பட்டை ஒரு பக்கம் உடைந்து தொங்குவதைக் கண்டேன். டேப்பை ஒட்டிவிட்டு, "அப்புறம் பாத்துக்கலாம் மாமா" என்றாய். அந்த அப்புறம் வரவேயில்லை.

ஆகவே நானே இறங்கினேன். முதலில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் உடைந்த இடத்தின் போட்டோவைக் காட்டினேன். காரைக் கொண்டுவரச் சொன்னார் மெக்கானிக். எனக்கு ஓட்டத் தெரியாது. வேறு ஒருவர் அதை ஓட்டிப் போவதைப் பார்க்கவும் மனமில்லை. இதையெல்லாம் அவரிடம் எப்படி விளக்குவது? நின்றுகொண்டே இருந்தேன். அவருக்கே பாவமாகப் போயிற்று. "சரி ஐயா, பம்பரை அசைக்க வேண்டாம். அந்தப் பட்டை தனித் துண்டு. பின்னாடி வெறும் கிளிப்புதான். பொறுமை இருந்தா நீங்களே மாட்டிடலாம்" என்றார். பொறுமை என்னிடம் தேவைக்கு மேல் உண்டு. தைரியத்துக்குத்தான் பஞ்சம்.

பட்டையை வரவழைத்ததில் ஒரு பெரிய தவறு செய்தேன். சொன்னால் சிரிப்பாய், சிரிக்கத்தான் எழுதுகிறேன். காரின் முன்னே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உடைந்த பகுதியை அளந்து படம் வரைந்து, "இடப்பக்கப் பட்டை" என்று குறித்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொடுத்தேன். பட்டை வந்தது. வைத்துப் பார்த்தால் வளைவு எதிர்த் திசையில் போகிறது. தலைகீழாக வைத்தேன். திருப்பி வைத்தேன். தொழிற்சாலையில்தான் பிழை என்ற முடிவோடு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் படத்தை ரசித்துப் பார்த்தார். "படம் பிரமாதம் சார். ஆனா வண்டிக்கு எதிர்ல உக்காந்து வரைஞ்சிருக்கீங்க. சீட்ல உக்காந்து பாக்கணும். ஓட்டுறவங்களுக்கு எது இடதோ, அதுதான் வண்டிக்கு இடது" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் உயிரியல் பாடநூல்களுக்குப் படம் வரைந்து வயிறு வளர்த்தவன் நான். இதயத்தின் இடது அறையைத் தாளின் வலப்பக்கம் வரைவேன். ஏன் என்று கேட்ட ஆசிரியர்களுக்கெல்லாம், "பார்க்கிறவரின் இடது அல்ல, இதயம் யாருடையதோ அவருடைய இடது" என்று விளக்கியும் இருக்கிறேன். உயிருள்ளவற்றுக்குத்தான் சொந்தமாக இடது வலது உண்டு, காருக்குக் கிடையாது என்று எண்ணிவிட்டேன் போலும். அத்தையிடம் சொன்னேன். "நல்லவேளை, டாக்டர் உங்க படத்தைப் பாத்து ஆபரேஷன் பண்ணல" என்றாள்.

கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். பெயிண்டில் கீறல் விழக் கூடாதே என்று சுற்றிலும் காகித டேப் ஒட்டினேன். கழற்றிய கிளிப்புகளை முட்டை அட்டைக் குழிகளில் வரிசையாகப் போட்டு வைத்தேன். பழைய கிளிப் ஒன்று முறிந்து துளைக்குள்ளேயே தங்கிவிட்டது. அத்தை டார்ச் பிடிக்க, அவளுடைய புருவ இடுக்கியால் அதை மெல்ல எடுத்தேன். "பல்பு மாத்தறதுக்கே ஸ்டூலைப் பிடிக்க ரெண்டு பேரைக் கூப்பிடற மனுஷன், இன்னிக்கு காரையே பிரிச்சுப் போட்டுட்டார்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். கேலிதான். ஆனால் டார்ச் வெளிச்சம் கொஞ்சமும் ஆடவில்லை.

புதுப் பட்டை விறைப்பாக இருந்தது. வளைத்தால் உடைந்துவிடுமோ என்று வெந்நீரில் நனைத்த துண்டை அதன்மேல் சுற்றி இளக வைத்தேன். அப்படியும் கடைசி முனை உட்காரவில்லை. மேலே பிடித்தால் கீழே எழும்புகிறது; கீழே அழுத்தினால் மேலே விலகுகிறது. அப்போதுதான் மகன் வெளியே வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "தள்ளுங்கப்பா, விரல் நசுங்கிடும்" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். பட்டையைப் பிடித்துக்கொண்டே, "எங்கதான் கொண்டுபோய் இப்படி இடிச்சா?" என்று கேட்டான்.

இந்த முறை எனக்குப் பதில் வந்தது. "ஆஸ்பத்திரி வாசல்ல. அவ ஓட்டினா. நான் பக்கத்து சீட்ல இருந்தேன்" என்றேன்.

அவன் கை அப்படியே நின்றது. அன்று அவன் வெளியூரில் இருந்தான். வந்து பார்க்கும்போது நான் கட்டிலில் இருந்தேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது அவனுக்கு ஒரு செய்தி மட்டும்தான். "என்கிட்ட சொல்லவேயில்லையே" என்றான் மெதுவாக.

"நீ கேட்டியா?" என்றாள் அத்தை.

அவன் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். கடைசிக் கிளிப் டக்கென்று உட்கார்ந்தது. கைகழுவ உள்ளே போனவன் திரும்பி வந்து, "லாரிக்காரங்களை வரச் சொல்லவா, கொஞ்சம் நிறுத்தி வைக்கவா?" என்று என்னைக் கேட்டான். இந்த வீட்டில் எதையும் முடிவு செய்ய என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் அதில் நிம்மதியாகத்தான் இருந்தேன். "நிறுத்தி வை" என்றேன். என் குரல்தானா அது என்று எனக்கே சந்தேகம்.

நீ தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவனுக்காகத் தூது வரவில்லை. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். நீங்கள் இருவரும் யோசித்துத்தான் பிரிந்திருப்பீர்கள். அதில் மூக்கை நுழைக்க எனக்குத் தகுதியுமில்லை, துணிவுமில்லை.

லாரியில் ஏற்றும் பலகை செங்குத்தானது, புதுப் பட்டை மறுபடி உரசிவிடும், ஆகவே நீயே வந்து ஓட்டிக்கொண்டு போவதுதான் நல்லது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் அது சாக்கு. லாரி வந்து போய்விட்டால் இந்த வாசலுக்கு நீ வர ஒரு காரணமும் இருக்காது. எனக்கு வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை, அம்மா.

நன்றி என்ற சொல்லை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சொல்ல வாயெடுத்தேன். "மாமா, பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று அடக்கிவிட்டாய். வீட்டுக்கு வந்த பிறகு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இன்று காலை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அத்தையோடு ஒரு சின்னச் சண்டை போட்டேன். வெயில் முகத்தில் பட்டது. இவை எல்லாம் நீ கொடுத்தவை. ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டி இதை ஈடுகட்ட முடியாது என்று தெரியும். கைக்கு எட்டியதைச் செய்தேன்.

கூச்சம் வேண்டாம். மகன் வீட்டில் இல்லாத நாள் வேண்டுமென்றால் அதையும் எழுது. அவனிடமே சொல்லி ஏற்பாடு செய்கிறேன். அந்தத் தைரியம் இப்போது கொஞ்சம் வந்திருக்கிறது. என்றைக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை, வா. நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருக்கிறோம். எங்கேயும் போவதாக இல்லை.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். எந்த வீட்டில் இருந்தாலும் நிறைவாக இரு.

என்றும் உன் நலம் வேண்டும்,
மாமா